தராசு காட்டாத 0.6: ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பி.எட். படிப்பின் இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும். பாடத்திட்டப் பதிவேடு, உற்றுநோக்கல் பதிவேடு, அடைவுத் தேர்வுப் பதிவேடு என்று அந்த 16 வாரங்களில் அட்டை போட்டு ஒப்படைக்க வேண்டியவை பல. ஒரே மாணவனை ஆழ்ந்து கவனித்து எழுதும் தனியாள் ஆய்வு அவற்றுள் ஒன்று. 2023-ஆம் ஆண்டு ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி பெற்றபோது நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாணவன், கல்லூரியில் நான் ஒப்படைத்த பதிவேட்டின்படி, இரண்டே வாரத்தில் தேறிவிட்டான். தசம எண்களை ஒப்பிடும் முன் தேர்வில் 10-க்கு 3, பின் தேர்வில் 10-க்கு 10. இரண்டையும் பட்டை வரைபடமாக வரைந்து, வண்ணம் தீட்டி, கையொப்பமும் வாங்கிவிட்டேன். அந்தப் பதிவேட்டில் எழுதாமல் விட்டவற்றையும், பதிவேட்டை மூடிய பிறகு வந்த நான்கு வாரங்களையும் சேர்த்து இந்த ஆய்வை எழுதுகிறேன்.

மாணவன்

அவனைக் க. என்றே இங்கே குறிப்பிடுகிறேன். வகுப்பில் 31 பேர். அவன் மூன்றாம் வரிசையில் சன்னலோரம் உட்காருபவன். வாரச் சந்தை நாளன்று பெரும்பாலும் வரமாட்டான், வந்தாலும் பிற்பகலில் தூங்கி விழுவான். அவன் அம்மா சந்தைகளில் காய்கறிக் கடை போடுபவர். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகச் சரக்குப் போவது வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த செய்தி. அந்தச் சந்தையில் விடியற்காலையில் சரக்கெடுத்துச் சுற்றுவட்டார ஊர்களில் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுள் அவனுடையதும் ஒன்று. காயை நிறுத்துக் கொடுப்பதும் காசு வாங்கிச் சில்லறை கொடுப்பதும் அவன் பொறுப்பு. கிலோ 48 ரூபாய் விற்கும் கத்தரிக்காய் முக்கால் கிலோ எவ்வளவு என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் 36 என்பான். அதே கணக்கைப் பின்னப் பெருக்கலாகக் கரும்பலகையில் எழுதிச் செய்யச் சொன்னால், சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பான்.

பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டபோது இந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். நான்காம் வகுப்பு கல்வித் தொலைக்காட்சியோடு கழிந்தது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று மறுபடி திறந்தபோது ஐந்தாம் வகுப்பிலும் பாதி போயிருந்தது. தாளை மடித்தும் வெட்டியும் பின்னத்தைக் கையால் அறிந்துகொள்ள வேண்டிய ஆண்டுகள் அவை. 2022 ஜூனில், அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியபோது இவர்கள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். 2023-இல் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு விரிவடைந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் விழுந்துபோன அணி இது. ஆசிரியர் அறையில் இவர்களுடைய எந்தப் பிழைக்கும் 'கொரோனா பேட்ச்' என்ற ஒரே விளக்கம்தான். முதல் மாதம் முழுவதும் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே இடைவெளியைக் கடந்து வந்த இரண்டு பிள்ளைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான பிழைகளைச் செய்வதைக் கண்ட பிறகுதான் அந்த விளக்கம் எனக்குப் போதாமல் போயிற்று.

முன் தேர்வு

ஏழாம் வகுப்பின் இரண்டாம் பருவக் கணக்குப் புத்தகம் தசம எண்களில் தொடங்குகிறது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்தப் பாடத்தை நடத்தும் வாய்ப்பை வழிகாட்டி ஆசிரியர் எனக்குக் கொடுத்தார். இடமதிப்பு அட்டவணையைச் சார்ட்டில் வரைந்து மாட்டி, நான்கு பாடவேளைகள் நடத்தினேன். 'பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது' என்பதை வகுப்பு முழுவதையும் பலமுறை சொல்ல வைத்தேன். இந்த வாக்கியம் பின்னால் ஒரு மாணவியிடம் என்ன வேலை செய்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

ஐந்தாம் பாடவேளையில், ஒவ்வோர் இணையிலும் பெரிய எண்ணை வட்டமிடுக, சமமாக இருந்தால் சமம் என்று எழுதுக என ஒரு சிறு தேர்வு வைத்தேன். இணைகள் வரிசையாக இவை: (1) 0.6, 0.35; (2) 4.8, 4.63; (3) 2.7, 2.516; (4) 0.45, 0.72; (5) 0.9, 0.125; (6) 5.08, 5.9; (7) 3.4, 3.40; (8) 1.25, 1.52; (9) 7.3, 7.19; (10) 6.07, 6.2. க. நான்காவது, ஆறாவது, எட்டாவது ஆகிய மூன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தான். விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன்.

அன்றிரவு பதிவேட்டுக்காகப் பிழைகளை வகைப்படுத்த உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு அநியாயமானது என்று தெரிந்தது. அவன் 0.6-ஐயும் 0.35-ஐயும் 6, 35 என்று படித்திருக்கிறான், 35 பெரியது. 4.8-உம் 4.63-உம் அவனுக்கு 8, 63; அவற்றில் 63 பெரியது. 0.9-க்கும் 0.125-க்கும் இடையில் 125 பெரியது. 3.4-ஐவிட 3.40 பெரியது, ஏனென்றால் 4-ஐவிட 40 பெரியது. 6.07-இல் புள்ளிக்குப் பின்னால் இருப்பது 7, 6.2-இல் 2, ஆகவே 6.07. ஏழு பிழைகளும் ஒரே விதியிலிருந்து வந்தவை. அதைவிட முக்கியம், அவன் சரியாகச் செய்த மூன்றும் அதே விதியிலிருந்துதான் வந்தன. நான்காவதிலும் எட்டாவதிலும் இரண்டு எண்களுக்கும் இலக்கங்களின் எண்ணிக்கை சமம் என்பதால் விதி தவறவில்லை. ஆறாவதில் 08-ஐ 8 என்று படித்து, 9 பெரியது என்று கண்டிருக்கிறான். பத்திலும் அவன் கவனம் ஒருமுறைகூடச் சிதறவில்லை. கவனமில்லாமல் திருத்தியவள் நான்.

இப்படிப் பிழை செய்வது அவன் மட்டுமில்லை. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லாரன் ரெஸ்னிக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்சு ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளிடமும் தசம எண்களை ஒப்பிடும்போது இதே போன்ற விதிகள் உருவாவதைக் காட்டினார்கள். நீளமான எண் பெரியது என்பது ஒரு விதி. முழு எண்களிலிருந்து கொண்டுவந்தது. குட்டையான எண் பெரியது என்பது அதற்கு எதிரான இன்னொரு விதி, பின்னங்களிலிருந்து கொண்டுவந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசி, விக்கி ஸ்டெய்ன்லி ஆகியோர், மதிப்பெண்ணைப் பார்க்காமல் எந்த வகை இணையில் தவறுகிறான் என்பதைப் பார்த்தே மாணவனின் விதியைக் கண்டுகொள்ளும்படி ஒப்பீட்டுத் தேர்வு ஒன்றை அமைத்தார்கள். முதலாண்டில் இவையெல்லாம் எனக்குத் தேர்வுக்குரிய குறிப்புகளாக மட்டுமே இருந்தன, க.வின் விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் பொருள்பட்டன.

பூஜ்ஜியம் சேர்த்தல்

பிழையின் காரணம் தெரிந்துவிட்டதால் தீர்வும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் குறைவாக உள்ள எண்ணுக்குப் பூஜ்ஜியம் சேர்த்து இரண்டையும் சம நீளமாக்கு, பிறகு ஒப்பிடு என்று சொல்லிக்கொடுத்தேன். 0.6 என்பது 0.60, 60-க்கும் 35-க்கும் எது பெரியது? க. உடனே பிடித்துக்கொண்டான். மறுவாரம் அதே பத்து இணைகளை வரிசை மாற்றிக் கொடுத்தேன்; பத்தும் சரி. வழிகாட்டி ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையேம்மா, மூணு எடுத்தவன் பத்து எடுத்துட்டான். இதையே வளரறி மதிப்பீட்டுல போட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுங்க" என்றார். அவர் சொன்னதில் குறை காண முடியாது. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று ஒவ்வொரு பருவத்துக்கும் மதிப்பெண்ணை நிரப்ப வேண்டியவர் அவர். அரையாண்டுத் தேர்வுக்குள் பருவத்தின் எல்லா இயல்களையும் முடிக்க வேண்டியவரும் அவரே. என் தனியாள் ஆய்வு முடிந்ததும் அந்த நாளில்தான்.

அடுத்த இரண்டாம் நாள் எண்கோடு நடத்தினேன். 0.6-ஐயும் 0.7-ஐயும் குறித்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது எண் உண்டா என்று கேட்டேன். சிலர் 0.65 என்றார்கள். க.வைக் கேட்டேன். "நடுவுல ஒண்ணும் இல்ல டீச்சர். ஆறுக்கு அடுத்து ஏழுதான்." நேற்று முன்தினம் 0.60 என்று எழுதிய கை அது. அதே பாடவேளையில் 7/10, 7/100 இரண்டையும் தசம எண்ணாக எழுதச் சொன்னேன், இரண்டையும் 0.7 என்று எழுதினான். வேறுபாடு உண்டா என்றால், "ரெண்டும் புள்ளி ஏழுதான்" என்றான்.

பூஜ்ஜியம் சேர்க்கும் உத்தி அவனுடைய விதியைத் தொடவே இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒரு முழு எண் என்ற அவன் எண்ணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த எண்ணத்தோடே சரியான விடைக்கு வந்துசேர ஒரு குறுக்குப் பாதையைத்தான் நான் போட்டுக்கொடுத்திருந்தேன். 60 பெரிது, 35 சிறிது என்று பார்க்கிறவனுக்கு 0.6 என்பது ஒன்றில் ஒரு பகுதி என்று தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. உத்தி தவறானதன்று, இடமதிப்பு தெரிந்த பிள்ளைக்கு அது வசதி. தெரியாத பிள்ளைக்கு அது மூடி.

தராசு

அந்த வாரம் ஒருநாள் மாலை பேருந்து நிறுத்தத்தில் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். கடையில் எந்தத் தராசு என்று கேட்டேன். மின்னணுத் தராசு, அம்மா கடன் வாங்கி வாங்கியது என்று பெருமையாகச் சொன்னான். நோட்டுப் புத்தகத்தில் 0.350 என்று எழுதிக் காட்டி, தராசில் இப்படி வந்தால் என்ன அர்த்தம் என்றேன்.

"முந்நூத்தம்பது கிராம் டீச்சர்."

"0.6-ன்னு காட்டினா?"

சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்படிக் காட்டாது டீச்சர். காட்டினா ரிப்பேர்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு, பேருந்தில் உட்கார்ந்து வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் சொன்னது முற்றிலும் சரி. கடைத் தராசு எப்போதும் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கங்களைக் காட்டும்: 0.250, 0.500, 0.600. எல்லா எண்களும் ஒரே நீளமாக இருக்கும் உலகத்தில், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழு எண்ணாகப் படிக்கும் விதி ஒருபோதும் தவறுவதில்லை. அவன் ஆண்டுக்கணக்காக நாள்தோறும் தசம எண்களை ஒப்பிட்டு வந்திருக்கிறான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அப்படித் தேய்ந்து பழகிய விதியை, நான்கு பாடவேளைகளில் ஒரு சார்ட்டைக் காட்டி மாற்றிவிடலாம் என்று நான் நினைத்ததுதான் வியப்பு. அவனைப் பொறுத்தவரை அந்தப் புள்ளி, கிலோவையும் கிராமையும் பிரிக்கும் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் கிலோ, அந்தப் பக்கம் கிராம். இரண்டும் வேறு வேறு எண்கள்.

அதன்பின் புள்ளி எங்கெல்லாம் இப்படித் தடுப்பாக நிற்கிறது என்று தேட ஆரம்பித்தேன். பள்ளியின் கால அட்டவணையில் முற்பகல் 9.30 என்று எழுதியிருக்கிறது. அது ஒன்பதரை மணி. ஒன்பதும் பத்தில் மூன்றும் ஆகாது. நாம் நேரத்தைப் புள்ளி வைத்தே எழுதுகிறோம். கிரிக்கெட்டில் 4.5 ஓவர் என்றால் நான்கு ஓவரும் ஐந்து பந்தும். அடுத்த பந்து விழுந்தால் ஐந்து ஓவர். வகுப்பில் இரண்டு பையன்கள் 4.6-உம் 5-உம் ஒன்றுதான் என்று என்னோடு வாதிட்டதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. ரூபாயும் அப்படியே. புத்தகங்கள் தசமத்துக்கு ரூபாய், பைசாவை எடுத்துக்காட்டாகத் தருவது வழக்கம். ஆனால் 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாதவை ஆகிவிட்டன. அந்தச் சமயத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பைசா என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஒரு பொருள்.

படிக்கும் முறையும் துணைபோகிறது. 0.35-ஐப் 'பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தைந்து' என்றே வாய் படிக்கிறது. பெட்ரோல் விலையை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். வகுப்பில் நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன் என்பது என் பாடத்திட்டப் பதிவேட்டிலேயே இருந்தது. 'முப்பத்தைந்து' என்று எழுத்தால் எழுதி வைத்திருந்தேன். முப்பத்தைந்து என்று ஒலித்துவிட்டு, அதை ஆறைவிடச் சிறியது என்று சொல்லச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் நம்பும்?

கூறு

இரண்டாம் முயற்சிக்கு ஒரு சொல் கிடைத்தது; அதுவும் அவனுடைய சந்தையிலிருந்து. நிறுத்து விற்காத காயைத் தரையில் சிறு சிறு குவியலாகப் பிரித்து வைத்து 'கூறு பத்து ரூபாய்' என்று விற்பார்கள். எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பிரிப்பதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. 'பத்தில் ஒன்று' என்பதைப் 'பத்துக் கூறில் ஒரு கூறு' என்று சொல்லத் தொடங்கினேன். பத்துகள், பத்தில் ஒன்றுகள் என்று காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொற்களைக் கலந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கும் இது உதவியது.

எடையைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் நீளத்துக்குப் போனேன். பழைய மாதக் காலண்டர்களின் பின்பக்கத்தை நீளவாக்கில் கத்தரித்து ஒட்டி, ஒரு மீட்டர் நீளமுள்ள பட்டைகள் செய்தோம். ஒரு பட்டையை அப்படியே வைத்துக்கொண்டோம், அது ஒன்று. இன்னொன்றைப் பத்தாக வெட்டினோம், பெரிய கூறு. பெரிய கூறுகள் சிலவற்றை மறுபடி பத்துப் பத்தாக வெட்டினோம், சின்னக் கூறு. அதற்கு மேல் வெட்டினால் காற்றில் பறக்கும் என்பதால் ஆயிரத்தில் ஒன்றை மில்லிமீட்டர்க் கோடாகக் காட்டியதோடு விட்டேன். (மேற்பார்வைக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு 'குறைந்த செலவு உபகரணம், நன்று' என்று எழுதிவிட்டுப் போனார். அன்று பட்டையை வைத்து என்ன பேசினோம் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.)

0.35-ஐ அடுக்கச் சொன்னேன். க. எண்ணி எண்ணி 35 சின்னக் கூறுகளை வரிசையாக வைத்தான். மற்றவர்கள் மூன்று பெரிய கூறும் ஐந்து சின்னக் கூறும் வைத்திருந்ததால் அவன் தவறு செய்துவிட்டதாகச் சிரித்தார்கள். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தபோது நீளம் ஒன்றாக இருந்தது. முப்பத்தைந்து என்று அவன் படித்ததற்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது அவனைவிட எனக்குத்தான் முதலில் தெரிந்தது: நூறில் முப்பத்தைந்து. பிறகு 0.6 அடுக்கச் சொன்னேன். ஆறு சின்னக் கூறுகளை எடுத்தான்.

"எந்தக் கூறுல ஆறு?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. இடமதிப்பு அட்டவணையில் 6-ஐ எங்கே எழுதுவாய் என்று கேட்டேன். பத்தில் ஒன்று என்ற கட்டத்தைக் காட்டினான். கொஞ்ச நேரம் கட்டத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆறு சின்னக் கூறுகளையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஆறு பெரிய கூறுகளை எடுத்து வைத்தான். 35 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் 60 சென்டிமீட்டர் நீண்டு கிடந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. பட்டைகளை உடனே கலைக்கவும் விடவில்லை.

'எந்தக் கூறில்?' என்ற கேள்வியை அதன்பிறகு எங்கும் கேட்டோம். தராசில் 0.350 என்றால் எந்தக் கூறில் மூன்று? ஒரு கிலோவைப் பத்துக் கூறு போட்டால் ஒரு கூறு 100 கிராம், அதில் மூன்று. எந்தக் கூறில் ஐந்து? பத்துக் கிராமில் ஐந்து. கடைசிப் பூஜ்ஜியம்? ஒரு கிராம் கூறு எதுவும் இல்லை. வகுப்பு முழுவதும் தசமத்தை இலக்கம் இலக்கமாகப் படிக்கப் பழகினோம்: பூஜ்ஜியம் புள்ளி மூன்று ஐந்து. மூன்று நாள் கழித்து நானே 'புள்ளி முப்பத்தைந்து' என்றபோது பின்வரிசையிலிருந்து திருத்தினார்கள்.

ஒன்பது மதிப்பெண் பெற்ற மாணவி

பட்டை அடுக்கும் வேலையின்போதுதான் இன்னொருத்தி அகப்பட்டாள். அவளை ம. என்று குறிப்பிடுகிறேன். முன் தேர்வில் 10-க்கு 9. வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். 3.4-உம் 3.40-உம் சமம் என்பதை மட்டும் விட்டுவிட்டு 3.4 பெரியது என்று எழுதியிருந்தாள். கைதவறல் என்று விட்டுவிட்டேன். இப்போது 0.3, 0.45 இரண்டில் எது பெரியது என்று பேச்சுவாக்கில் கேட்டபோது 0.3 என்றாள். காரணம் கேட்டேன். "0.3 பத்தில் ஒன்றுல வருது. 0.45 நூறில் ஒன்றுல வருது. பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது டீச்சர்." நான் வகுப்பு முழுவதையும் சொல்ல வைத்த அதே வாக்கியம்.

அவளுடைய விதி, குட்டையான எண் பெரியது. என் பத்து இணைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இலக்கங்கள் சமமாக உள்ள இரண்டையும், 3.4, 3.40 இணையையும் தவிர்த்தால் மீதம் ஏழு. அந்த ஏழிலும் குட்டையான எண்தான் பெரியது. நீளமான எண் பெரியதாக வரும் இணை ஒன்றுகூட நான் வைக்கவில்லை. 'மாணவர் வழக்கமாகத் தவறும் இடத்தைச் சோதிக்க வேண்டும்' என்று நினைத்து ஒரே திசையில் பொறி வைத்ததில், எதிர்த் திசையில் தவறுகிறவள் ஒன்பது மதிப்பெண்ணோடு தப்பிவிட்டாள். முற்றிலும் தவறான விதியை வைத்துக்கொண்டு 10-க்கு 9 பெறக்கூடிய தேர்வை நான் வடிவமைத்திருந்தேன். வினாத்தாள் வடிவமைப்பில் அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று கட்டம் கட்டமாகச் சதவீதம் போட்டிருந்தேன். எந்தத் தவறான விதி எந்த வினாவில் பிடிபடும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

ம.வைத் திருத்துவது க.வைத் திருத்துவதைவிடக் கடினமாக இருந்தது. க. தன் விதியைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தது. அவன் தாளில் ஏழு சிவப்புக் கோடுகள். ம.வின் தாளில் ஒன்றே ஒன்று, அதுவும் ஆசிரியையே பொருட்படுத்தாதது. பட்டையில் 0.45-ஐ அடுக்கி 0.3-ஐவிட நீளமாக இருப்பதைப் பார்த்தாள், ஒப்புக்கொண்டாள். மறுநாள் நோட்டில் மறுபடி 0.3-ஐ வட்டமிட்டாள். காகிதத்தில் இருப்பது காகிதத்துக்கு, நோட்டில் இருப்பது நோட்டுக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள அவளால் முடிந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று பெயர் வாங்கியவளிடம் 'நீ நினைத்தது தவறு' என்று சொல்ல எனக்கும் தயக்கம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாம் தேர்வு

பயிற்சியின் கடைசி வாரங்களில் 12 இணைகள் கொண்ட தேர்வு வைத்தேன். நீளமான எண் பெரியதாக நான்கு, குட்டையான எண் பெரியதாக நான்கு, பூஜ்ஜியம் இடையிலோ கடைசியிலோ வருமாறு நான்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். க. பத்து சரியாகச் செய்தான். தவறிய இரண்டும் பூஜ்ஜியம் இடையில் வந்தவை, 0.07-க்கும் 0.1-க்கும் இடையில் 0.07 என்று எழுதியிருந்தான், ஆனால் காரணம் எழுத வேண்டிய இடத்தில் '7 சின்னக் கூறு' என்று எழுதி, அதை அடித்துவிட்டு மேலே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். பெரிய கூறு எதுவும் இல்லை என்பதைக் காட்டும் பூஜ்ஜியம் இன்னும் அவனுக்கு எண்ணாகவில்லை. இடத்தை அடைக்கும் வட்டமாகவே இருக்கிறது. அந்த அடித்தல்தான் இந்த ஆய்வில் என்னிடம் உள்ள மிகத் தெளிவான சான்று. பழைய விதி எழுதிய விடையைப் புதிய விதி தடுத்து நிறுத்தப் பார்த்து, முழுவதும் முடியாமல் நின்ற இடம் அது.

பதிவேட்டில் உள்ளபடி வரைபடம் வரைந்தால் நூற்றுக்கு நூறு பெற்றவன் எண்பத்து மூன்றுக்கு இறங்கிவிட்டான் என்று வரும். ம. எட்டு சரி, ஒன்பதிலிருந்து எட்டுக்கு என்று கூட்டிக் கழித்தால் அவளுக்கும் வீழ்ச்சிதான். நீளமான எண் பெரியதாக வந்த நான்கில் இரண்டை அவள் சரியாகச் செய்திருந்தாள். அந்த இரண்டுக்கும் எதிரே பட்டைகளைச் சிறு கோடுகளாக வரைந்து வைத்திருந்தாள். வரையாத இரண்டும் தவறு. 7/100-ஐ 0.07 என்று எழுதவும், 0.6-க்கும் 0.7-க்கும் நடுவில் ஒன்பது எண்களைச் சொல்லவும் க.வுக்கு இப்போது வந்தது. ஒன்பதுக்கு மேலும் உண்டா என்றால் யோசிக்கிறான். ஆயிரத்தில் ஒன்றை நாங்கள் வெட்டவில்லை.

பயிற்சி முடிந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் இடைவேளையில் க. வந்தான். மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"டீச்சர், அந்தத் தராசு ரெண்டு இலக்கம்தான் காட்டுது. ஒரு மூட்டை 52.60-ன்னு வந்துச்சு. எங்க தராசா இருந்தா 52.600-ன்னு காட்டும்ல?"

"ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?"

"ஒண்ணுதான். அது கடைசிக் கூறை நிறுக்கலை, அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற ம. ஏற்கவில்லை. ரெண்டு இலக்கம் உள்ளதுதான் பெரியது என்றாள். இரண்டு பேரையும் பட்டை இருந்த அலமாரிக்கு அனுப்பினேன். மணி அடிக்கும்வரை அவர்கள் திரும்பி வரவில்லை.